கொழுப்புக் குறைந்த வெண்பன்றி வேண்டுமா? ஆண் பன்றி வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

வெண்பன்றிப் பண்ணை தொடங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கொட்டகை அளவு, ஓட்டல் கழிவு கிடைக்குமிடம், மானியம். விற்கிற நாளில் வியாபாரி கேட்பதோ வேறொன்று: "முதுகில் கொழுப்பு எத்தனை விரல் இருக்கும்?" அந்தக் கேள்விக்கான பதிலில் கிட்டத்தட்ட பாதி, ஒன்றரை வருடம் முன்பு நீங்கள் வாங்கிய ஆண் பன்றியிடமும் தாய்ப்பன்றிகளிடமும் முடிவாகிவிடுகிறது. ஒரே கொட்டகையில் ஒரே தீவனம் தின்னும் பன்றிகளின் முதுகுக் கொழுப்பு ஒன்றுக்கொன்று வேறுபடுகிறதல்லவா, அந்த வேறுபாட்டில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் மரபு வழியே வருவது. ஓர் ஈற்றில் எத்தனை குட்டி என்பதில் மரபின் பங்கு 10 சதவீதம் அளவுதான். கொழுப்பு, சரியான பெற்றோரைத் தேர்ந்தெடுத்தால் மாறக்கூடிய குணம். கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மாறாது.

இதற்கான தகவல்களைத் தமிழில் ஒரே இடத்தில் பார்க்க முடியவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் கொஞ்சம், கறிக்கடையில் கொஞ்சம், கால்நடை மருத்துவரிடம் கொஞ்சம் என்று சேர்க்க வேண்டியிருந்தது. புதிதாக இறங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. எந்தச் சந்தை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கேரள வியாபாரிகளும் நகரத்துக் கறிக்கடைகளும் கொழுப்புக் குறைந்த கறிக்கு நல்ல விலை தருவார்கள். வடகிழக்கு மாநிலங்களில் கொழுப்போடு கூடிய கறியைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். தொத்திறைச்சி, பேக்கன் செய்பவர்களுக்கு அளவான கொழுப்பு வேண்டும், அதுவும் கெட்டியாக இருக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் மனதில் வையுங்கள். தோலுக்கடியில் படியும் முதுகுக் கொழுப்பு ஒன்று, தசைக்குள் வெள்ளை இழையாக ஓடும் கொழுப்பு இன்னொன்று. முன்னது வாங்குபவருக்கு நட்டம், பின்னது கறிக்குச் சுவை. இரண்டுக்கும் மரபில் ஓரளவு தொடர்பு உண்டு, ஆனால் ஒன்றைக் குறைத்தால் மற்றதும் அதே அளவு குறையும் என்றில்லை. டியூராக் இனத்துக்கு உலகச் சந்தையில் மதிப்பு இருப்பது தசைக்குள் இழையும் கொழுப்புக்காக. பியட்ரெய்ன் இனத்துக்கு மதிப்பு அதன் தசைத் திரட்சிக்காக. நம் ஊரில் பெரும்பாலான பண்ணைகளுக்கு அடித்தளம் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷையர்தான். தொடங்குபவர்களுக்கு அது போதும் என்பது என் கருத்து.

2. அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அளவு இல்லாமல் தேர்வு என்ற பேச்சே கிடையாது.

செலவில்லாத வழி: உங்கள் பன்றி அறுக்கப்படும் இடத்துக்கு ஒரு ஸ்கேலுடன் போங்கள். உடலை நடுவில் பிளந்த பிறகு, முதல் விலா எலும்பு, கடைசி விலா எலும்பு, இடுப்பு முள்ளெலும்புகளில் கடைசியானது ஆகிய மூன்று இடங்களில் முதுகுக் கொழுப்பின் கனத்தை மில்லிமீட்டரில் அளந்து, மூன்றின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். காதுத் தோட்டின் எண்ணை அறுப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். தலை தனியாகப் போன பிறகு எந்த உடல் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது.

உயிரோடு அளக்க வேண்டுமானால் அல்ட்ராசவுண்ட் கருவி தேவை. உலகெங்கும் அளக்கப்படும் இடம் 'பி2' புள்ளி: கடைசி விலா எலும்புக்கு நேராக, முதுகின் நடுக்கோட்டிலிருந்து 6.5 செ.மீ. பக்கவாட்டில். கால்நடை மருத்துவரிடம் சினை பார்க்கும் ஸ்கேனர் இருந்தால், அதை வைத்தே இந்த இடத்தில் கொழுப்பைப் பார்த்துவிடலாம். அளக்கும் இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் அளவு மாறிவிடும். அதனால் ஒரே ஆள் எல்லாப் பன்றியையும் அளப்பது நல்லது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 70 கிலோ பன்றியின் கொழுப்பையும் 110 கிலோ பன்றியின் கொழுப்பையும் ஒப்பிட்டு, முன்னது நல்ல வம்சம் என்று முடிவு கட்டுகிறார்கள். பன்றி வளர வளர முதலில் தசை, பிறகு கொழுப்பு என்ற வரிசையில்தான் சேரும். எடை கூடினால் எந்த வம்சமானாலும் கொழுப்பு ஏறும். பாலினமும் முக்கியம்: காயடித்த ஆணுக்கு அதிகம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, காயடிக்காத ஆணுக்கு இன்னும் குறைவு. ஒரே எடை, ஒரே பாலினம், ஒரே தீவனம் இருந்தால்தான் ஒப்பிடலாம்.

3. வெள்ளை நிறத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்

'வெள்ளையாக இருந்தால் கொழுப்பு இருக்காது' என்று விற்பவரும் சொல்வார், வாங்குபவரும் நம்புவார். நிறத்துக்கும் கொழுப்புக்கும் தொடர்பு கிடையாது. வெண்பன்றியின் வெள்ளை நிறம் 8ஆம் குரோமோசோமில் உள்ள 'கிட்' என்ற மரபணுவால் வருவது, அது ஓங்கு பண்பு. தூய யார்க்‌ஷையர் ஆணைக் கறுப்பு நாட்டுப்பன்றியோடு சேர்த்தால் பிறக்கும் முதல் தலைமுறைக் குட்டிகள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். பாதி நாட்டு ரத்தம் உள்ள குட்டியைத் தூய இனத்தின் விலைக்கு வாங்கி வருவது இப்படித்தான் நடக்கிறது.

கலப்பின் விளைவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குட்டிகளின் எண்ணிக்கை, பிழைப்புத் திறன் போன்றவற்றில் கலப்பினத்துக்கு நல்ல கூடுதல் வீரியம் கிடைக்கும். கொழுப்பில் அப்படி எதுவும் கிடைக்காது. இரு பெற்றோர் இனங்களின் சராசரிக்குப் பக்கத்தில்தான் குட்டிகள் வந்து நிற்கும். எடுத்துக்காட்டாக, ஒரே எடையில் ஓர் இனத்தின் சராசரி 20 மி.மீ., மற்றதன் சராசரி 36 மி.மீ. என்றால், கலப்புக் குட்டிகள் 28 மி.மீ. அருகில் இருக்கும்.

நாட்டு ரத்தம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வெயிலையும் குறைந்த பராமரிப்பையும் தாங்க அது உதவும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் நிலையத்தில் உருவான 'தனுவாஸ் கேபிஎம் கோல்டு' பன்றியில் 75 சதவீதம் யார்க்‌ஷையர், 25 சதவீதம் நாட்டு ரத்தம். எத்தனை பங்கு கலந்திருக்கிறது என்று தெரிந்தே வாங்குங்கள், அதைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

4. ஆண் பன்றி: எங்கே, எந்தத் தாள்களோடு

ஒரு தாய்ப்பன்றி ஆண்டுக்கு இரண்டு ஈற்றில் 16 முதல் 20 குட்டி போடும். ஓர் ஆணுக்குப் பத்துத் தாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 200 குட்டி வரை அதன் மரபணுவில் பாதியைச் சுமந்து பிறக்கும். கையிருப்புக் குறைவாக இருந்தால் பெண் குட்டிகளில் சிக்கனம் பிடியுங்கள், ஆணில் பிடிக்காதீர்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் காட்டுப்பாக்கத்தில் உள்ள பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், ஓசூரில் உள்ள மாவட்டக் கால்நடைப் பண்ணை போன்ற அரசு இடங்களில் விலை நியாயமாக இருக்கும், வம்சாவளிப் பதிவும் இருக்கும். போன அன்றே குட்டி கிடைக்கும் என்று வண்டி பிடித்துப் போகாதீர்கள். முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துவிட்டு முறை வரும்வரை காத்திருங்கள். தனியார் பண்ணையில் வாங்கினால் கீழே உள்ளவற்றைக் கேளுங்கள். தர மறுத்தால் எவ்வளவு அழகான ஆணாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

- பிறந்த தேதி, காது எண், தாய் எண், தந்தை எண்.
- அந்த ஈற்றில் பிறந்த குட்டிகள் எத்தனை, பால் பிரிக்கும்வரை தங்கியவை எத்தனை, பிரித்தபோது எடை.
- கூடப் பிறந்தவையோ, அதே தந்தையின் பிற குட்டிகளோ அறுக்கப்பட்டபோது எடுத்த கொழுப்பு அளவு. உங்கள் கையில் உள்ள ஆணை அறுத்துப் பார்க்க முடியாது, அதன் உடன்பிறப்புகளைப் பார்க்கலாம். அளவு எடுக்கவில்லை என்றால், அவை போன கறிக்கடை எது என்று கேட்டு அங்கே விசாரியுங்கள்.
- பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்ட தேதி.
- ரசீது, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமிலும் அருணாசலத்திலும் தொடங்கி, 2022இல் வயநாடு வரை வந்துவிட்டது. கேரளம் அப்போது வெளி மாநிலப் பன்றிகளுக்கே தடை போட்டது. இந்த நோய்க்குச் சிகிச்சை கிடையாது. மாநில எல்லை தாண்டி ஆண் வாங்க நினைத்தால், அந்த வாரம் என்ன தடை அமலில் இருக்கிறது என்று இரு மாநிலக் கால்நடைத் துறையிலும் கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். கொண்டு வந்ததும் 30 நாள் தனிக் கொட்டகையில், தனி வாளி, தனிச் செருப்போடு வைத்திருங்கள்.

தேசிய கால்நடை இயக்கத்தின் மானியத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் நிலப் பத்திரம், ஆதார், பான், வங்கிக் கணக்கு அறிக்கை, திட்ட அறிக்கை, பயிற்சிச் சான்று ஆகியவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டியிருக்கும். மூலதனச் செலவில் 50 சதவீதம் மானியம், பன்றிப் பிரிவில் உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய். அது தவணையாகத்தான் வரும், அதுவும் வங்கியின் கையைத் தாண்டி வர வேண்டும். ஆண் வாங்கும் பணத்தை அதை நம்பி ஒத்திப் போடாதீர்கள்.

5. மரபணுச் சோதனை: எதற்குக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கொழுப்பு ஒரே ஒரு மரபணுவின் வேலையாக இருந்தால் எளிதாகப் போயிருக்கும். நூற்றுக்கணக்கான இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களிக்கின்றன. அவற்றில் தனித்துத் தெரியும் சிலவற்றுக்கு மட்டும் சோதனை பயன்படும். பல்கலைக்கழகத்தின் விலங்கு மரபியல் துறையிலோ தனியார் கால்நடை டி.என்.ஏ. ஆய்வகத்திலோ, மாதிரி எடுப்பதற்கு முன்பே, எந்த மரபணுவைப் பார்ப்பார்கள், கட்டணம் எவ்வளவு, முடிவு எத்தனை நாளில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை, ஆர்ஒய்ஆர்1. 'ஹாலோத்தேன் மரபணு' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். குறைபாடுள்ள வடிவம் இருந்தால் பன்றி தசை திரண்டு, கொழுப்புக் குறைந்து பார்க்க அருமையாக இருக்கும். வண்டியில் ஏற்றும்போதோ வெயிலில் விரட்டும்போதோ உடல் சூடேறி விறைத்துச் செத்துவிழும். பிழைத்து அறுக்கப்பட்டாலும் கறி வெளிறி, தளர்ந்து, நீர் வடியும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியும் குறைபாடாக இருந்தால்தான் இவ்வளவும் நடக்கும். ஒரு பிரதி மட்டும் சுமக்கும் ஆண் வெளியே நன்றாகத்தான் இருப்பான். அவனைப் போலவே சுமக்கும் பெண்ணோடு சேர்ந்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி பாதிக்கப்படும். நம் வெயிலுக்கு இந்த ஆபத்து வேண்டாம். பியட்ரெய்ன் ரத்தம் கலந்த ஆண் என்று யாராவது சொன்னால் இந்தச் சோதனை இல்லாமல் தொடாதீர்கள். இரண்டு பிரதியும் நல்ல வடிவம் என்ற முடிவு வந்த ஆணை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது, ஐஜிஎஃப்2. இது உண்மையிலேயே காசுக்குத் தகுந்த சோதனை, ஆனால் ஆணுக்கு மட்டும். 2ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவில் ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறியிருந்தால் தசை 3 முதல் 4 சதவீதம் கூடுகிறது, முதுகுக் கொழுப்புக் குறைகிறது. விசேஷம் என்னவென்றால், குட்டியின் தசையில் தந்தையிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்கிறது. தாயிடமிருந்து வந்தது அமைதியாகக் கிடக்கும். ஆணுக்கு இரண்டு பிரதியும் இந்த மாற்றம் உள்ள நல்ல பிரதியாக இருந்தால் குட்டிகள் எல்லாவற்றுக்கும் பலன், ஒன்று மட்டும் என்றால் பாதிக் குட்டிகளுக்குப் பலன். தாய்ப்பன்றியிடம் நல்ல பிரதி இருந்தும் அதன் குட்டிகளுக்கு இந்தப் பலன் வராது. ஆகவே, இனவிருத்திக்கு ஆண் குட்டி எடுக்கப் போகும் தாயைத் தவிர மற்றப் பெண்களுக்கு இந்தச் சோதனைக்குப் பணம் கட்டுவது வீண். கொழுப்புக் குறைந்த கறிக்காகப் பல தலைமுறை தேர்ந்தெடுக்கப்பட்ட ஐரோப்பிய இனங்களில் இந்த மாற்றம் அதிகம் காணப்படுகிறது.

மூன்றாவது, எம்சி4ஆர். பசியைக் கட்டுப்படுத்தும் வழியில் உள்ளது. ஒரு வடிவம் இருந்தால் பன்றி நிறையத் தின்று வேகமாக வளர்ந்து கொழுப்பும் சேர்க்கும். மற்ற வடிவம் அளவாகத் தின்று கொழுப்புக் குறைவாக, சற்று மெதுவாக வளரும். எது நல்லது என்பது முதல் படியில் நீங்கள் தேர்ந்த சந்தையைப் பொறுத்தது. தொடக்கத்தில் இதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

மாதிரிக்கு ரத்தம்தான் வேண்டும் என்றில்லை. முதுகிலோ வாலிலோ 30 முடியை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட்டு, வெளியே காது எண்ணை எழுதினால் போதும். கத்தரித்த முடி உதவாது, டி.என்.ஏ. வேரில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் ஈரம் கோத்துக் கெட்டுப்போகும். ஒரு பன்றி முடிந்ததும் கையுறையை மாற்றுங்கள்.

6. காயடிக்கும் நாளுக்கு முன் முடிவெடுங்கள்

நம் பண்ணைகளில் ஆண் குட்டிகளை 2 முதல் 4 வாரத்துக்குள் காயடித்துவிடுகிறோம். கொழுப்பு தெரிவதோ பல மாதங்கள் கழித்து. அன்றைக்குப் போய் 'இவனை விட்டு வைத்திருக்கலாமே' என்று நினைத்துப் பயனில்லை. எனவே உங்கள் பதிவேட்டில் சிறந்த ஈற்றுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண் குட்டிகளைக் காயடிக்காமல் விடுங்கள். கூடப் பிறந்தவை அறுக்கப்படும் நேரத்தில் அவற்றின் அளவைப் பார்த்து, விட்டுவைத்தவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றை மருத்துவரைக் கொண்டு காயடித்து, காயடிக்காத ஆணின் கறியில் வரும் வாடை போக அவகாசம் கொடுத்து விற்கலாம்.

எவ்வளவு முன்னேற்றம் வரும் என்று முன்பே கணக்குப் போடலாம். பண்ணைச் சராசரி 26 மி.மீ. என்று வையுங்கள். நீங்கள் தேர்ந்த ஆணும் பெண்களும் சராசரியாக 21 மி.மீ. வித்தியாசம் 5 மி.மீ., மரபின் பங்கு 0.4. பெருக்கினால் 2. குட்டிகளின் சராசரி 24 மி.மீ. ஆகும். ஆணை மட்டும் தேர்ந்து, பெண்களைக் கிடைத்தபடி வைத்தால் இதில் பாதிதான், 25 மி.மீ. ஒரே தலைமுறையில் 21க்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று: ஆணின் மகள்கள் சினைப் பருவத்துக்கு வரும்போது அந்த ஆணை மாற்றிவிடுங்கள். தந்தையோடு மகளைச் சேர்த்தால் குட்டியின் உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள் சேர்வதன் அளவு) 25 சதவீதம் ஆகிறது. செத்துப் பிறப்பதும் நோஞ்சான் குட்டிகளும் அங்கேதான் தொடங்கும். பக்கத்துப் பண்ணைக்காரரோடு ஆண் பரிமாறிக்கொள்வதாக இருந்தால், அவருடைய ஆணும் அதே தந்தையின் மகன் இல்லை என்பதைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. தாய்ப்பன்றியை மெலிந்தவளாகத் தேடாதீர்கள்

பெண் குட்டியை 12 நல்ல காம்பு, உறுதியான கால், பெரிய ஈற்றில் பிறந்தது, அமைதியான தாய் என்று பார்த்து எடுங்கள். கொழுப்பில் பண்ணைச் சராசரிக்கு அருகில் இருந்தால் போதும். பால் கொடுக்கும் காலத்தில் தாய் தன் கொழுப்பைத்தான் கரைத்துக் கொடுக்கிறாள். ஈனும்போது பி2 அளவு 18 முதல் 20 மி.மீ. இருப்பது நல்லது. அதைவிட மிகவும் குறைந்தால் பால் பிரித்த பிறகு சினைக்கு வரத் தாமதமாகும், இரண்டாம் ஈற்றில் குட்டி குறையும். கொழுப்பு இல்லாத வம்சத்தைத் துரத்துகிற பண்ணைகள் தாய்களைச் சீக்கிரம் இழப்பது இதனால்தான்.

8. நல்ல வம்சத்துக்கு நல்ல தீவனம்

தசை வளர்க்கும் மரபு இருந்தும் புரதம் கிடைக்காவிட்டால், தின்ற மாவுச்சத்தில் மிஞ்சுவது கொழுப்பாகத்தான் போகும். ஓட்டல் சோற்றை மட்டும் போட்டு வளர்த்துவிட்டு ஆணைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வளரும் பருவத்தில் 18 சதவீதம், கடைசிப் பருவத்தில் 16 சதவீதம் புரதம் வேண்டும், அதில் லைசின் என்ற புரதக்கூறு போதுமான அளவு இருக்க வேண்டும். சோயாப் புண்ணாக்கு அதைத் தரும். ஓட்டல் கழிவைப் பயன்படுத்துவதாக இருந்தால் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகே போடுங்கள், காய்ச்சல் வரும் வழிகளில் அதுவும் ஒன்று. எண்ணெய் மிதக்கும் கழிவாக இருந்தால் வடித்துவிடுங்கள். தின்ற எண்ணெய் எந்த வகையோ, பன்றியின் கொழுப்பும் அந்த வகையாகவே படிகிறது. சூரியகாந்தி எண்ணெய் நிறையப் போனால் கொழுப்பு கொழகொழவென்று ஆகி, கத்திக்கு நிற்காது, கடைக்காரர் விலையைக் குறைப்பார்.

செலவுக் கணக்கு இங்கேதான் தெளிவாகும். ஒரு கிலோ கொழுப்புத் திசு உருவாக, ஒரு கிலோ தசைக்கு ஆவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகிறது, ஏனென்றால் தசையில் முக்கால் பங்கு தண்ணீர். 20 கிலோ குட்டியை 100 கிலோவாக்க, கிலோவுக்கு 4 கிலோ தீவனம் தின்னும் வம்சத்துக்கு 320 கிலோ வேண்டும். 3.5 கிலோ தின்னும் வம்சத்துக்கு 280 கிலோ. தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் பன்றிக்கு 1,200 ரூபாய் மிச்சம். உங்கள் ஊர்த் தீவன விலையைப் போட்டு, ஆண்டுக்கு விற்கும் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். நல்ல ஆணுக்கும் சோதனைக்கும் எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பது அந்தத் தொகையிலிருந்து தெரியும்.

9. காலக் கணக்கு

இரண்டு மாத ஆண் குட்டியை வாங்குகிறீர்கள். எட்டு மாதம் ஆகும் முன் இணை சேர்க்க விடாதீர்கள், அதற்கு ஆறு மாதம். சினைக் காலம் 114 நாள், ஏறக்குறைய நான்கு மாதம். குட்டிகள் விற்பனை எடைக்கு வர ஏழெட்டு மாதம். ஆக, ஆண் வாங்கிய நாளிலிருந்து 17, 18 மாதம் கழித்துத்தான் அதன் குட்டிகளின் கொழுப்பை முதன்முதலில் அளக்க முடியும். அதுவரை தீவனத்துக்கும் ஆள் கூலிக்கும் கையில் பணம் இருக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் பாதியில் ஆணை விற்றுவிட்டு வேறொன்று வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். முதல் பத்து, இருபது குட்டிகளின் அளவு கைக்கு வரும்வரை அவனை வைத்திருங்கள். அறுப்புப் பதிவில் அவனுடைய குட்டிகள், அதே எடையில், பண்ணையின் மற்றக் குட்டிகளைவிடக் குறைந்த கொழுப்போடு இருந்தால், அவனுடைய மகன்களில் ஒருவனை நண்பர் பண்ணையின் தாய்களுக்கு அனுப்பிவிட்டு, உங்கள் பண்ணைக்கான அடுத்த ஆணுக்கு அன்றே பதிவு செய்யுங்கள். அதற்கும் முறை வரக் காலம் பிடிக்கும்.